மாரிமுத்துவுக்கு நான் எழுதிய முகம்

தூரிகையைத் தொழிலாக ஏற்றிருக்கும் இளையோரே,

என் ஓவியங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் யாவர் என்று எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். எவரிடம் பயின்றேன், எந்நாட்டு மரபு என்னை ஈர்த்தது, எந்நூல் என் கண்ணைத் திறந்தது என்ற வரிசையில் நீங்கள் விடையை எதிர்நோக்குவது உங்கள் வினாக்களின் அமைப்பிலேயே தெரிகிறது. அத்தகைய விடைகளைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அவற்றுள் பாதி, கேட்போர் மகிழும்பொருட்டுச் சொன்னவை. இப்போது மேடையும் இல்லை, மகிழ்விக்க வேண்டியவரும் இல்லை. ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

என் கையை ஆண்டவர்கள் இருவர். ஒருவர் நான் பிறந்த தோட்டத்துக் கிராணியார். மற்றவர் ஈப்போ நகரில் விளம்பரப் பதாகைக் கடை நடத்திய சீன முதலாளி. இவ்விருவரிடமும் நான் கற்றவை ஒன்றுகூடி, ஒரு குடும்பத்துக்கு ஆறாத தீங்கு ஒன்றைச் செய்தன. செய்த கை என்னுடையது.

கிராணியார் என்பவர் தோட்டத்து எழுத்தர். ஆட்களின் வருகையைப் பதிபவர். பால்மரம் எனப்படும் ரப்பர்க் காட்டில் எங்களுக்கு அவர் சொல்லே சட்டம். வெளுத்த சட்டை அணிந்து, வகிடெடுத்துத் தலைவாரி, கன்னத்தில் சதைப்பிடிப்போடு நடமாடிய தமிழர் எங்கள் தோட்டத்தில் அவர் ஒருவர்தாம். எட்டு வயதில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயத்துச் சுவரில் அடுப்புக்கரியால் அவர் முகத்தைத்தான் வரைந்தேன். வேறு எந்த முகமும் வரையத் தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. என் தாய் அதைக் கண்டு நடுங்கி, ஈரத்துணியால் துடைக்க முற்பட்டபோது அவரே அவ்வழியாக வந்துவிட்டார். சுவரை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "பரவால்லயே, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த கரிக்கோலை எடுத்து என்னிடம் கொடுத்தார். நெடுங்காலம் என் நினைவில் நின்றது அந்தக் கரிக்கோல் மட்டுமே. அவர் முன் என் தாய் ஈரத்துணியோடு கூனி நின்ற நிலை பின்னாளில்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இருபது வயதில் ஈப்போவுக்கு வந்து, திரையரங்குகள் இருந்த தெருவில் அந்தச் சீனரின் கடையில் சேர்ந்தேன். அவரைத் தவுக்கே என்றே அழைப்போம். முதலாளி என்று பொருள். சந்தை மலாயும் அரைகுறைத் தமிழும் கலந்து பேசுவார். கடையில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, திரைப்படங்களுக்குப் பதாகை எழுதுதல். மற்றொன்று, இறந்தவர்களின் உருப்படம் எழுதுதல். தோல் எந்நிறமாயினும் மாநிறத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். சுருக்கங்களை நீக்க வேண்டும். கன்னத்தில் சிறிது செம்மை, கருவிழியில் ஒரு வெண்புள்ளி. இதுவே தவுக்கே வகுத்த இலக்கணம். நான் தயங்கினால், "செத்தவன் வந்து கம்ப்ளேன் பண்ண மாட்டான்லா. லெக்காஸ், லெக்காஸ், சீக்கிரம்" என்று விரட்டுவார்.

அக்காலத்துத் தோட்ட மக்களுக்கு நிழற்படம் என்று ஒன்று இருந்தால், அது அரசு வழங்கிய அடையாள அட்டையில் ஒட்டிய கட்டைவிரல் நக அளவுப் படம்தான். ஒருவர் இறந்தால் அந்த அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்கும் முன் உறவினர் அதை எங்களிடம் கொண்டுவருவர். மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, கட்டம் கட்டி, அளவெடுத்துக்கொண்டு, அன்றே அட்டையைத் திருப்பிக் கொடுப்போம். நேரமில்லையெனில் எதிரிலிருந்த நிழற்படக் கடையில் ஒரு படி எடுத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் சடங்குக்குள் உருப்படம் வீட்டில் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றேனும் செய்யாவிட்டால், அட்டையோடு முகமும் போய்விடும்.

எழுபதுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம். அரங்கின் முகப்பை மறைக்கும் அளவுக்கு ஒரு பெரும்பதாகை என் பொறுப்பில் இருந்தது. ஏணியில் நின்று கதைத்தலைவனின் மூக்குக்கு ஒளி ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சுப்பையா என்னும் இளைஞர் வந்தார். அவர் பின்னால் அவருடைய தமக்கை அஞ்சலை, கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, இது என் மச்சான், அக்கா வீட்டுக்காரரு. பேரு மாரிமுத்து. அட்டைய நாளைக்குக் காலையில ஆபீசுல குடுக்கணும். அதுக்குள்ள பாத்து எடுத்துக்குங்க" என்றார் சுப்பையா.

நான் இறங்கி வந்து அட்டையை வாங்கினேன். அப்போது அஞ்சலை முதன்முறையாகப் பேசினார்.

"காத்து மழையில மரம் மூஞ்சி மேலயே விழுந்துருச்சு அண்ணே. துணியப் போட்டு மூடியேதான் தூக்கிட்டுப் போனாங்க. கடைசியா ஒரு தடவ மூஞ்சியப் பாக்க விடல. நீங்க எழுதிக் குடுத்தா அதுல பாத்துக்குவேன்."

அட்டையிலிருந்த முகத்தை உற்று நோக்கினேன். ஒரு புருவம் நடுவே முறிந்திருந்தது. ஒரு காது தலையைவிட்டு விலகி வெளியே நீண்டிருந்தது. கீழுதடு தடித்து, சிரிப்பு இல்லாத வாய். ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன்.

"எதிர்க் கடைக்கு ஓடு. காப்பி எடுத்து வெச்சுக்கோ" என்றார் தவுக்கே.

"வேணாம் தவுக்கே. கண்ணுல ஏத்திக்கிட்டேன்."

"உன் கண்ணு என்ன, கேமராவாலா?" என்று அவர் சிரித்தார்.

அச்சிரிப்பு என்னைச் சுட்டது. படி எடுப்பவன் படப்பிடிப்பாளன்; நான் ஓவியன் என்ற செருக்கு அப்போது எனக்கு முற்றியிருந்தது. ஏணியில் வண்ணம் உலர்ந்துகொண்டிருந்தது என்பதும் மெய்யே. ஆயினும் தெருவைக் கடந்து மீள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அஞ்சலை அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

பதாகை வேலைகள் ஏழு நாள்களை விழுங்கின. உருப்படத்துக்கு அமர்ந்தபோது முகம் வரவில்லை. புருவம் முறிந்திருந்தது என்பது நினைவிருந்தது. இடப்புருவமா வலப்புருவமா என்பது இல்லை. காது நீண்டிருந்தது நினைவிருந்தது. அக்காதுக்கும் கண்ணுக்கும் இடையில் என்ன இருந்தது என்பது இல்லை.

இளையோரே, இங்கே சற்று நில்லுங்கள். அப்போதும் எனக்கு வழி இருந்தது. பேருந்து ஏறித் தோட்டத்துக்குப் போய், "அம்மா, தவறு செய்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் அருகில் அமர்ந்து, அவர் வாயால் சொல்லச் சொல்ல வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்திருக்கலாம். மனைவியின் நினைவில் கணவன் முகம் அன்று பசுமையாக இருந்தது. இன்னும் ஐந்து நாள்கள் எஞ்சியிருந்தன. அவ்வைந்து நாளும் என்னைத் தடுத்தது வெட்கம் ஒன்றே.

அந்நாள்கள் தீரும் முன்பே கை தானே எழுதத் தொடங்கியது. ஒரு முகம் வந்தது. மிக எளிதாக வந்தது. நெற்றி, வகிடு, நிறைந்த கன்னம், தெளிந்த பார்வை. அந்த எளிமையில் நான் மகிழ்ந்தேன். கை எதையும் உசாவாமல் ஒரு முகத்தைத் தருமானால் அதை ஐயுறுங்கள் என்று எனக்குச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்திருந்த உண்மைகள் இரண்டே: முறிந்த புருவம், நீண்ட காது. அவையிரண்டும் அந்த அழகிய முகத்தில் பொருந்தவில்லை. விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் படத்தைத் தாளில் சுற்றி நானே எடுத்துச் சென்றேன். லயத்தின் முன் பந்தல் போட்டிருந்தார்கள். தாளைப் பிரித்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"அடேங்கப்பா! நம்ம மாரியா இது? கிராணியாட்டம்ல இருக்கான்!"

"உசுரோட இருக்கயில ஒரு நாளாச்சும் இப்படித் தல சீவியிருக்கானா பாரு."

"ஆளயே மாத்திட்டாருலா, பெரிய கைதான்."

எல்லாம் பாராட்டுகள். நானும் பாராட்டாகவே ஏற்றேன். சுப்பையா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னர் வாழையிலைகளை எடுத்து வைக்கப் போய்விட்டார். அஞ்சலை மட்டும் அசையாமல் நின்றார்.

"அண்ணே… இது அவரா?"

பூசாரி தட்டில் கற்பூரத்தோடு காத்திருந்தார். பந்தலில் இருந்த அத்தனை கண்களும் என்மேல். 'இல்லை' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

"சின்னப் படத்தப் பெரிசாக்கினா அப்படித்தாம்மா தெரியும். பாக்கப் பாக்கப் பழகிரும்" என்றேன்.

அவர் தலையசைத்தார். மாலையை வாங்கிப் படத்துக்குச் சூட்டினார். மூன்று வயது மகள் மாலதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, படத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினாள். நான் பந்தியில் அமர்ந்து வயிறு நிறைய உண்டேன்.

மறுநாள் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் தூரிகை கழுவிக்கொண்டே கேட்டார்.

"வாங்கிக்கிட்டாங்கதானே?"

"வாங்கிக்கிட்டாங்க. ஆனா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வாங்கிக்கிட்டா ஹாபிஸ்லா. முடிஞ்சு போச்சு. அடுத்த படத்த எடு."

அடுத்த படத்தை எடுத்தேன்.

எண்பதுகள் பிறந்தபோது நான் கடையை விட்டு விலகி, ஓவியன் என்று அறியப்பட்டிருந்தேன். பால்வெட்டுக்காரர், களைவெட்டும் பெண்டிர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மூட்டை முடிச்சோடு நகர ஓரங்களுக்கு வந்தவர்கள் ஆகியோரை எழுதினேன். உழைப்பாளியின் முகத்தை இத்துணை உண்மையாக எழுதியவர் வேறு எவரும் இலர் என்று செய்தித்தாளில் ஒருவர் எழுதினார். அவ்வரியை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. கண்காட்சிகளில் யாரேனும் "உண்மை" என்ற சொல்லை எடுத்தால், ஒரு பந்தலும் கற்பூரத் தட்டும் கண்முன் வந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சுப்பையா அழைப்பிதழோடு வந்தார். அப்போது அவர் ஈப்போவில் சுமையுந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாலதிக்குக் கல்யாணம் அண்ணே. அடுத்த மாசம். நீங்க கண்டிப்பா வரணும். மச்சான் படத்த மேடையிலயே வெக்கிறோம். அது முன்னாலதான் புள்ள விழுந்து கும்பிடப் போவுது."

"சுப்பையா, அந்தப் படம்…"

"அத விடுங்கண்ணே" என்று அவர் குறுக்கிட்டார். "பதினாறு பதினேழு வருசமாச்சு. டீ சொல்லுங்க."

அவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மாதம் இருந்தது. அப்பெண் தாலி ஏற்கும் நாளில் வணங்குவது அவளைப் பெற்றவன் முகமாகவே இருக்கவேண்டும் என்று துணிந்தேன். தோட்டம் கைமாறி, மக்கள் நாலா திசையும் சிதறியிருந்தார்கள். பாகான் செராயில் ஒருவரைக் கண்டேன். அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் சொன்ன தடத்தில் லூமுட்டுக்குப் போனேன். தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் மாரிமுத்துவோடு ஆடிய ஒருவர் அங்கே படகுத்துறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுப் பெட்டியின் அடியில் குழுவின் நிழற்படம் ஒன்று இருந்தது.

"இதில மாரிமுத்து எது?"

"இதக்கூடக் கேக்கணுமா? ஓரத்துல நிக்கிறான் பாருங்க, காதே சொல்லுமே! காத்தடிச்சா பறந்துருவடான்னு கேலி பண்ணுவோம். கோல் கம்பத்தப் புடிச்சுக்கோன்னு அவனக் கொண்டுபோய் கோல்ல நிறுத்திட்டோம்" என்று சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும், "நல்லவன் சார்" என்றார்.

இம்முறை உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். கட்டம் கட்டினேன். முறிந்திருந்தது இடப்புருவம். நீண்டிருந்தது வலக்காது. தடித்த கீழுதட்டின் ஓரத்தில், அட்டையில் நான் காணாத ஒரு குறும்பும் இருந்தது. மூன்று வாரங்கள் வேறெதையும் தொடவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் தலைசிறந்தது அதுவே. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. அது எந்தச் சுவரிலும் தொங்கவில்லை என்பதனால் சொல்கிறேன்.

திருமணத்துக்கு நான்கு நாள் முன்னர், ஒரு முற்பகலில் அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். ஈப்போவின் புறத்தே ஒரு சிறு வரிசை வீடு. அவர் மட்டுமே இருந்தார். கூடத்தில் பழைய படம் பூச்சரத்தோடு தொங்கியது. புதியதைப் பிரித்து அதன் கீழே சாய்த்து வைத்தேன்.

இரண்டையும் ஒருங்கே பார்த்த அக்கணத்தில்தான், பழைய படத்தில் இருப்பவர் யாரென்று எனக்கு விளங்கியது. அவ்வகிடும், அக்கன்னமும், மேலிருந்து கீழே பார்க்கும் அப்பார்வையும் என் பிறப்பிடத்துக் கிராணியாருடையவை. ஒரு கரிக்கோலுக்கு நன்றியாக, மரம் விழுந்து மாண்ட ஒரு தொழிலாளிக்கு, அவனைப் போன்றோரை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பெயர் படித்தவரின் முகத்தை மாட்டிவிட்டிருந்தேன். என்மேல் யாருடைய தாக்கம் என்று கேட்டீர்கள். என் விடை அந்தக் கூடத்துச் சுவரில் பூச்சூடித் தொங்கியது.

நடந்ததை அஞ்சலையிடம் ஒளிவின்றிச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

"அது அவரு இல்லன்னு அன்னைக்கே தெரியும் அண்ணே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்லுவேன்? அத்தன பேரு நிக்கிறாங்க. அட்டையும் போயிருச்சு. இது இல்லன்னு தள்ளிட்டா எனக்கு வேற எது இருக்கு? எதையாச்சும் பாத்துத்தானே அழணும்?"

பிறகு புதிய படத்தைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கும். புருவம் இப்படித்தான். சின்னதுல மாடு முட்டினதுன்னு சொல்லுவாரு." விரலால் அப்புருவத்தைத் தொட்டார். "ஆனா எனக்கு வரமாட்டேங்குது அண்ணே. கண்ண மூடினா மேல தொங்குறாரே, அவருதான் வர்றாரு. இத்தன வருசமா அவருகிட்டதானே எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அப்போது தையற்கடையிலிருந்து மாலதி திரும்பிவிட்டாள். என்னை வணங்கிவிட்டுப் படத்தைப் பார்த்தவள் வாய்பொத்திச் சிரித்தாள்.

"ஐயோ, காதப் பாருங்கம்மா! அப்படியே என் காது! ஸ்கூல்ல என்னைய ஓட்டின மாதிரி இவரையும் ஓட்டியிருப்பாங்க, பாவம். யாரு மாமா இவரு?"

இடப்புறக் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, வலப்புறக் கூந்தலை மட்டும் காதின்மேல் இழுத்து முடிந்திருந்தாள். பள்ளி நாள்முதல் அவள் மறைத்துவந்த ஒன்றுக்கு உரியவன் அவள் எதிரில் இருந்தான். நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவர் தலை மிகச் சிறிதாக, இல்லை என்று அசைந்தது.

"லூமுட்டுல ஒரு ஆளும்மா. படகுத்துறையில வேல" என்றேன்.

"இவருக்கு ஒரு பொண்ணு இருந்தா அது கதி என்ன மாமா!" என்று சிரித்தபடியே தைத்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அஞ்சலை தாளை எடுத்துப் படத்தைத் தாமே சுற்றினார்.

"கொண்டுபோயிருங்க அண்ணே. இத வெச்சா, இத்தன நாளா நான் கும்பிட்டது யாருன்னு கேப்பா. அதுக்கு உங்ககிட்டயும் பதில் இல்ல, என்கிட்டயும் இல்ல." வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "எரிச்சுராதீங்க."

நான் சொன்ன முதற்பொய் என்னுடையது. அதை மன்னிக்கும் உரிமை எனக்கில்லை, உங்களுக்கும் இல்லை. இரண்டாவதை அந்தத் தாயின் பொருட்டுச் சொன்னேனா, பந்தலில் நாணியவன் இன்னும் நாணிக்கொண்டிருந்ததால் சொன்னேனா என்பது எனக்கு இன்றுவரை தெளியவில்லை. உண்மையைக் காலங்கடந்து கொண்டுபோனால், அதை வாங்கி வைக்க அவ்வீட்டில் இடம் இருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் கையில் ஓர் அட்டை வந்தால், தெருவைக் கடந்து போய்ப் படி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

திருமணத்துக்குப் போனேன். போகாமலிருக்கும் துணிவும் எனக்கு வாய்க்கவில்லை. கிராணியாரின் முகத்துக்கு ஆளுயர மாலை சூட்டியிருந்தார்கள். மாலதி அதன்முன் நிலந்தோய விழுந்து வணங்கி, கண்ணீரோடு எழுந்தாள். மணமகன் வீட்டார் அப்படத்தின் அழகை வியந்து எழுதியவர் யாரென்று கேட்க, சுப்பையா என்னைச் சுட்டினார். கூட்டத்தில் ஒளிந்து நின்றவனை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை ஒன்றை அஞ்சலையின் கையில் கொடுத்து, எனக்குப் போர்த்தச் சொன்னார்கள். அவர் என் முகத்தைப் பாராமல் அதை விரித்தார். கைதட்டல் எழுந்தது. அவருக்கு எட்டும்படியாக நான் குனிந்தேன்.